பின்னிய எழுத்துக் குறி

சுட்ட தோலின் மணம் காலையிலிருந்து வீட்டுக்குள் நிற்கிறது. வாய்க்காலுக்கு அப்பால், பெரிய பட்டிக்காரரின் வளவில் இன்று கன்றுகளுக்குக் குறி சுடுகிறார்கள். யன்னலைச் சாத்தினேன். மணம் போகவில்லை. உம்மோடு கதைக்க வேண்டும்போல் இருக்கிறது.

இதே முரசுமோட்டையில் நாம் இருவரும் கூட்டாகக் கிடாரிக் கன்றுகள் வாங்கிய வருடம் அது. ஊரவர்கள் தங்கள் பெயரின் ஓரெழுத்தைச் சுடுவார்கள். உமக்கு அது போதவில்லை. மடியில் ஆங்கில அகராதியை விரித்து ‘சைபர்’ என்ற சொல்லைப் படித்தீர். பள்ளியில் நமக்கு அது பூச்சியம் மட்டுந்தான். அகராதியிலோ மறைவாக எழுதும் எழுத்தும் சைபர், அதை அவிழ்க்கும் திறவுகோலும் சைபர். இருவர் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னி வரைவதும் அதுவே. கடைசியாக இன்னொன்று: இருந்தும் கணக்கில் வராத மனிதன்.

“ஐசே, இது நீர்தான்,” என்று சிரித்தீர். குசினிக்குள் இருந்து உம்முடைய மனைவியும் சிரித்தா. நான் அதை மறக்கவில்லை.

நம் எழுத்துகளைப் பின்னி நீர் வரைந்ததைக் கொல்லன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “என்ன ஐயா, மாட்டுக்குத் தாலி செய்யிறியளோ?”

“ஓரெழுத்தெண்டால் கள்ளன் மாத்திச் சுடுவான். இதை மாத்தேலாது,” என்றீர்.

படித்தவர்கள் மட்டுமே விடக்கூடிய பிழை. கம்பிகள் நெருக்கமாக இருந்ததால் இடையில் இருந்த தோலும் வெந்தது. புண் ஆறியபோது ஒவ்வொரு கன்றின் தொடையிலும் வட்டமாக ஒரு தழும்பு. எழுத்து இல்லை.

மாரி முடிந்தபோது நம் கன்றுகள் பட்டிக்காரரின் மந்தையில் நின்றன. முறையிட்டோம். ஊர் அதிகாரியான விதானையார் எழுந்து வந்துகூடப் பார்க்கவில்லை. பட்டிக்காரரின் கதிரையில் இருந்தபடியே, “அது குறியில்லை, ஆரோ சுட்ட காயம்,” என்றார்.

நீர் விடவில்லை. “கிடாரி வளரத் தழும்பும் விரியும். நனைச்சு, மயிரை வழிச்சால் எழுத்துத் தெரியும்,” என்று இரணைமடுப் பக்கம் மேய்ந்த மந்தையைத் தேடிப் புறப்பட்டீர். நானும் வாறன் என்றேன்.

“நீர் வந்தாலென்ன, வராட்டிலென்ன? சைபர்.”

குளத்துக் காட்டோரம் உம்மைக் கண்டெடுத்தார்கள். யானை அடித்தது என்றார்கள். ஈர மண்ணில் யானையின் அடி ஒன்றையும் நான் காணவில்லை. தூக்கி வந்தவர்களைக் கேட்டேன். “மாஸ்டர், உங்களுக்கேன் வீண் கதை?” செத்தவீட்டில் பாடைக்கு முன்னால் நடந்தவர் பட்டிக்காரர்.

போன மாரியில், வாய்க்காலோரம் நனைந்து நின்ற பட்டிக்காரரின் கிழட்டுச் சிவலைப் பசுவின் தொடையில் கண்டேன். உம்முடைய எழுத்து, அதற்குள் நுழைந்து என்னுடையது. நீர் சொன்னது சரி. அதைச் சொல்ல மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான். நான் அங்கே நெடுநேரம் நின்றதைப் பட்டிக்காரர் வளவுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனை வருடம் என்னைத் தேடாதவர் இன்று ஆளனுப்பியிருக்கிறார். “குறிச் சாட்சிக்குப் படிச்ச ஆள் ஒண்டு வேணுமாம். உங்களை வரட்டாம்.”

ஊர் கூடி நிற்கும் இடத்தில் சிவலையை நனைத்து வழிக்கச் சொல்லப்போகிறேன். உமக்காக என்று நினைக்க வேண்டாம். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தத் தொடையில் என் எழுத்தும் இருக்கிறது.

வந்தவன் வாசலில் நிற்கிறான். “வாய்க்கால் வரம்பு வெட்டிக் கிடக்கு மாஸ்டர். காட்டோரமாப் போவம்,” என்கிறான்.

காலையில் நான் அந்த வரம்பால்தான் வந்தேன்; எங்கும் வெட்டிக் கிடக்கவில்லை. சேட்டின் பொத்தான்களை மாட்டிக்கொண்டிருக்கிறேன்.