பூனை படுத்திருக்கும் கிண்ணம்

பட்டாபிராம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கவிப்பிரியாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், இந்த முறை அதைப் பழக்கத்துக்காக எழுதவில்லை. நீ நகோயா குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாய் என்றும், ராத்திரி பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுப்பதில்லை என்றும் நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அவர் காதுபடச் சொல்ல எனக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை கண்டதில் வந்த படபடப்பு இன்னும் அடங்கவில்லை, எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வரும் போலிருக்கிறது.

நீ அனுப்பிய பார்சலைப் பிரித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன மனிதருக்கு அணில் மாதிரி நிற்கும் சாதக் கரண்டி, பன்றி மூஞ்சி போட்ட ரப்பர் மூடி, உள்ளே அடியில் பூனை படம் வரைந்த கிண்ணம். ஜப்பான்காரர்களின் விளையாட்டு நம் பெண்ணுக்கும் தொற்றிக்கொண்டது என்று நினைத்து, வெளிநாட்டிலிருந்து எது வந்தாலும் செய்வதுபோல், கண்ணாடிக் கவரைக்கூடப் பிரிக்காமல் ஷோகேஸில் உன் பள்ளிக்கூடக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டேன். அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, இடது கையால் சாப்பிடுவதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்பார், நான் ஊட்டினால்தான் உண்டு, அதுவும் கதவைச் சாத்திவிட்டு. மதியத்துக்கு நான் அம்பத்தூர் லேபிலிருந்து ஓடிவர முடியாது, பாத்திரம் தேய்க்க வரும் குப்பம்மா ஊட்டினால் வாங்கமாட்டார், சாயங்காலம்வரை வெறும் மோர்தான், வைத்துவிட்டுப் போகும் சோறு குப்பம்மா வீட்டுக்குப் போய்விடும். இதற்காகத்தானே நீ வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாய், நானும் வேறு வழி தெரியாமல் சரி வா என்றேன்.

வெள்ளிக்கிழமை லேபில் கரண்ட் இல்லையென்று மதியமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் ஷோகேஸ் கண்ணாடி திறந்து கிடக்கிறது, நீ அனுப்பியது ஒன்றையும் காணோம், கவர்கள் மட்டும் தரையில். திருடன்தான் என்று அப்பாவைக் கூப்பிட்டால் அடுப்படியிலிருந்து குரல் வருகிறது. அங்கே அடுப்பில் பால், அதன்மேல் பன்றி மூடி, மூக்கு ஓட்டை வழியாக ஆவி போகிறது, ஒரு சொட்டு வழியவில்லை. மேடைமேல் அந்த அணில் ஒரு பருக்கைகூட ஒட்டாமல் தன்னால் நிற்கிறது. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையில் ஸ்பூனைப் பிடித்து, ரசம் சாதத்தைத் தானே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நான் தோள் பையோடு அடுப்படி வாசலிலேயே நின்றேன். அவர்தான், "இன்னாமே, திருடனப் பாத்த மாரி முழிக்கிற? இந்தக் கிண்ணம் ஒரு பக்கம் உள்ள வளைஞ்சிகீது, தள்ளுனா சோறு தன்னால ஸ்பூன்ல ஏறிக்குது" என்றார். பின்னால் நின்ற குப்பம்மா சிரித்துக்கொண்டு, "ஒரு வாரமா இதாம்மா நடக்குது. மொத நாளு பூனை வாலு மட்டுந்தான் தெரிஞ்சிது, இப்போ மூஞ்சிவரைக்கும் துன்றாரு. நீங்க வர்றதுக்குள்ள கழுவி, கவர்ல போட்டு, கண்ணாடிக்குள்ள வச்சுடணுமாம்" என்றாள். தினமும் அந்த ஷோகேஸைத் தாண்டித்தான் நான் உள்ளே போகிறேன், லேபில் பரிசோதனை செய்கிறவள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கிண்ணம் வியாதியைக் குணமாக்கிவிடும் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன், கை திரும்பும் என்று டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் நேற்று உன் திருமுருகன் சித்தப்பா வந்திருந்தபோது அப்பா கூடத்திலேயே, கதவு திறந்திருக்க, அவர் எதிரில் சாப்பிட்டார். சித்தப்பாவின் பார்வை இடது கைக்குப் போனதும், "இன்னாடா பாக்குற, பூனைய பாக்கணும்னா நீயும் ஒழுங்கா துன்னு முடி" என்றார்.

அதனால் வேலையை விடாதே. எழுதிக் கொடுத்துவிட்டிருந்தால் போய்த் திரும்ப வாங்கு, அம்மா சொன்னாள் என்று சொல். லீவு கிடைக்கும்போது வந்து அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ, அது போதும். நீ எங்கிருந்தாலும் உடம்பும் மனசும் நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே.

அப்பா சொல்லச் சொன்னது: "உங்கம்மாவுக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்லு, என் கிண்ணத்தையே பாத்துகினு கீறா." எனக்கெல்லாம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நாய் படம் போட்டது இருக்கிறதா என்று பார்.

உன் அம்மா,
மதிவதனி