ஜீப்பின் கூரைக்கு உள்ளே

14.08.1981, வெள்ளி

ஜீப்பின் தகரக் கூரைக்கு உள்ளே ஸ்பொஞ்ச் ஒட்டி, அதன்மேல் துணி இழுத்து ஒட்டி நேற்றுத்தான் முடித்தேன். இன்று உச்சி வெயிலில் ஹசீனாவையும் எங்கள் எட்டு நாள் மகனையும் கல்முனை ஆஸ்பத்திரியிலிருந்து கோமாரிக்குக் கூட்டிவந்தேன்.

"இந்த வெயில்ல புள்ள வெந்திரும். பொழுது சாஞ்சாப் போவம்" என்று ஏறவே மறுத்தாள். எப்படியோ ஏற்றிக்கொண்டு, பயந்துகொண்டேதான் ஓட்டினேன்.

திருக்கோவில் தாண்டி நிறுத்தினேன். கூரையை வெளியே தொட்டேன், கை பொசுங்கியது. உள்ளே தொட்டேன், சூடே இல்லை. பிள்ளை வியர்க்காமல் தூங்கினான்.

மீண்டும் புறப்பட்டோம்.

"புள்ள தும்மினான், கேட்டீங்களா?"

கேட்டது. ஸ்பொஞ்ச் ஒட்டும்வரை, தகரம் அதிரும் சத்தத்தில், பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காத வண்டி இது. அவனுக்காக இறைவனைப் புகழ்ந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். குரல் நடுங்கியது. அதுவும் அவளுக்குக் கேட்டிருக்கும்.