அட்டைக்கு வைத்த பொட்டு

லைப்சிக், ஜெர்மனி

அன்புள்ள அப்பாவுக்கு, மாரீஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

ஆயுத பூஜையன்று எங்கள் மியூசியத்துப் பழைய கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கையோடு, அது படிக்கிற, எழுத்தையும் எண்ணையும் துளைகளாகக் குத்திய அட்டைக் கட்டின் மேலே இருந்த அட்டைக்கும் ஒரு பொட்டு. ஈரத்தில் ஊறிய அட்டை மிஷினில் சிக்கிக் கிழிந்தது. அறுபது வருஷத்து அட்டை, வேறு பிரதி கிடையாது. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

"உங்க சாமி அட்டை சாப்பிடுமா?" என்று மட்டும் கேட்டார் மேலதிகாரி ஹெல்கா.

கிழிசலைச் சேர்த்துவைத்து, எண்பது நெடுவரிசைகளையும் கண்ணாலேயே படித்தேன். எண்ணுக்கு ஒரு துளை, எழுத்துக்கு இரண்டு. சாயந்திரத்துக்குள் புது அட்டை குத்திவிட்டேன். மிஷின் ஓடியது, வேலையும் இருக்கிறது.

கடைசியில் சோதனைக்காக ஒரு வெற்று அட்டையில், ஆங்கில எழுத்தில், "சாப்ட்டியாம்மா" என்று குத்திப் போட்டேன். அப்படியே அச்சாகி வந்தது. "சாப்ட்டேன்ப்பா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். நல்லவேளை, அறையில் யாரும் இல்லை.

நம் தெரு எபனேசர் அண்ணன் டிசம்பரில் இங்கே வருகிறார். அவரிடம் பருப்புப் பொடி கொடுத்துவிடுங்கள். கூடவே ஒரு கடிதமும். நம் மடவார் வளாகத்தில் மழை பெய்ததா, பக்கத்து வீட்டில் என்ன சண்டை, எதையாவது எழுதுங்கள். இரண்டு பக்கமாவது வரட்டும்.

தபால் எடுக்கிற நேரம், ஓடுகிறேன்.

மாரீஸ்வரி