மார்மோசெட்டும் ஷாமா குருவியும்

6-7-64, திங்கள்
விடாத மழை. 8.12 லோக்கல் ரயில் தவறியது. சாயங்காலம் கமலாவின் தம்பி ரமணி வந்தான், கப்பலில் ரேடியோ ஆபீசர். கோட்டுப் பையிலிருந்து ஒரு குட்டிக் குரங்கு. பிரேசிலாம், பேர் மார்மோசெட். “வளர்ந்தாலும் இவ்வளவுதான் அத்திம்பேர்.” கமலா மடியில் விட்டுக்கொண்டாள். சிரித்தாள். குழந்தை பிறந்த அன்றே போய் மூன்று மாதமாகிறது, முதல் சிரிப்பு. போன வாரம் நான் வாங்கி வந்த ஷாமா குருவியை ஏறிட்டும் பார்க்கவில்லை. எரிச்சல்தான்.

9-7, வியாழன்
ஆபீசில் வேலை ஓடவில்லை. எழுதிப் பார்த்தேன்.
கு. - உள்ளங்கையளவு. கிழட்டு முகம். கீச்சென்ற விசில். விரலைப் பிடித்தால் விடாது. எந்நேரமும் ஆள் வேண்டும்.
ஷா. - கறுப்பு, வயிறு செம்பழுப்பு, நீள வால். காட்டையே கூப்பிடும் குரல். ஆள் வேண்டாம்.
ரெண்டும் பூச்சி தின்னும். ஷாமா வாங்கிய அன்றே பறவைக்கடைக்காரர் சொன்னார்: “கீடா நஹி தோ மரேகா, சேட்.” பூச்சி இல்லையென்றால் செத்துவிடுமாம்.

15-7, புதன்
கமலாவிடம் சொன்னேன். “பூச்சியா? நம்மாத்துலயா? ஒரு உயிரைக் கொன்னு இன்னொண்ணை வளக்கணுமான்னா?” ரெண்டுக்கும் தயிர் சாதம், வாழைப்பழம். ஷாமா பாட்டை நிறுத்திவிட்டது.
குரங்கை “கண்ணன்” என்கிறாள். குழந்தைக்கு வைக்க இருந்த பேர்.

17-7, வெள்ளி
மார்க்கெட்டில் வெட்டுக்கிளி ஒரு பொட்டலம். கமலா குளிக்கும்போது பால்கனியில் ஷாமாவுக்கு நாலு. லபக் லபக்கென்று தின்றது. குரங்கு அவள் இடுப்பை விட்டு இறங்கினால்தானே கொடுக்க?

28-7, செவ்வாய்
ஷாமா பாட ஆரம்பித்துவிட்டது. குரங்குக்குக் கால் நடுக்கம், ஏற முடியவில்லை. 17ஆம் தேதி எழுதியது பொய். குளிக்கப் போகும்போது அதைத் துண்டில் சுற்றி என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போகிறாள். தினமும்.

3-8, திங்கள்
பரேல் மாட்டு டாக்டர் கையை விரித்துவிட்டார். இன்று கையில் வெட்டுக்கிளி வைத்து நீட்டினேன். முகர்ந்தது. தின்னத் தெம்பில்லை.

4-8, செவ்வாய்
விடிவதற்குள் போய்விட்டது. மழையில் கொல்லைப்புற வேப்பமரத்தடியில் புதைத்தேன். ஆபீஸ் லீவு. கமலா கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், ஷாமா பாடிக்கொண்டிருந்தது.
“ரெண்டுக்கும் ஒரே சாதம்தானே போட்டேன். இது மட்டும் எப்படின்னா பொழச்சுது?”
“தெரியலை” என்றேன்.
நம்பிவிட்டாள்.