எருமைக்கு எந்தக் குண்டு

4 ஜூன் 2007, திங்கள். ஹம் நகர், ஜெர்மனி.

காலையில் தூறல். பால்கனி மிளகாய்க் கன்றுகளை உள்ளே எடுத்தேன். பிரஷர் சற்றுக் கூட.

இந்த வாரம் எழுத வேண்டியவை, ஒழுங்காக:

1. மகள் கேட்டது: எருமைக்கு எந்தக் குண்டு?
2. உண்மையில் யாருக்கு?
3. எதை மறைக்கிறாள்?
4. இந்த வீட்டில் என் சொல்லுக்கு இனி மதிப்பில்லை. (இது கேள்வியல்ல.)

நடந்தது இது. நேற்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஜெசி ஒரு தாளை என் முன்னால் வைத்தாள். இரண்டு வரி, எல்லாம் எண்கள்.

"அப்பா, ரெண்டு விதமான தோட்டா. துவக்கு ஒண்டுதான். ஆபிரிக்காவில காட்டெருமைக்கு எது நல்லது? உங்கட பிசிக்ஸால பாத்துச் சொல்லுங்கோ."

"எருமையோ? ஆர் சுடப் போறது?"

"எங்கட பிராக்சிஸில மார்க்கூஸ் எண்டு ஒருத்தர். அவருக்குத்தான்."

பிராக்சிஸ் என்றால் அவள் வேலை செய்யும் மிருக வைத்தியசாலை. ஆறு வருடமாக அங்கே வேலை. அங்குள்ள எல்லோருடைய பெயரும் எனக்குத் தெரியும். மார்க்கூஸ் என்று ஒருவனை இதுவரை கேள்விப்பட்டதில்லை. பெயரைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. தெரேஸ் (என் மனைவி) அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். கழுவக் கோப்பை ஒன்றும் இருக்கவில்லை.

5 ஜூன், செவ்வாய்.

மழை இல்லை. கணக்கு.

முதலாவது: இலேசான குண்டு. 15.2 கிராம், வேகம் செக்கனுக்கு 880 மீற்றர்.
இரண்டாவது: பாரமானது. 19.4 கிராம், 770 மீற்றர்.

அரை, திணிவு, வேகத்தின் வர்க்கம். முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் எழுதியது. இலேசானது 5885 ஜூல், பாரமானது 5751. மூன்று தரம் செய்தேன். ஒரு தரம் கல்குலேட்டர், இரண்டு தரம் கையால். 134 ஜூல் வித்தியாசம். பெரிதல்ல, ஆனாலும் சக்தி கூடியதுதானே நல்லது. தாளின் அடியில் "இலேசானது" என்று எழுதி, கீழே இரண்டு கோடு கீறினேன். பிறகு கீறியது கூடிப்போய்விட்டதோ என்று யோசனை.

துவக்கைத் தொட்டறியாத மனிதன் நான். ஊரில் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழ். இங்கே வருடப்பிறப்பு வெடிக்கு பாத்ரூம். யன்னல் இல்லாத அறை அது ஒன்றுதான். எருமையைக் கொல்வதற்கு ஆலோசனை சொல்ல நான் யார்?

பின்னேரம் கொடுத்தேன். செய்கை முழுவதும் படி படியாக எழுதியிருந்தேன். ஜெசி அதைப் பார்க்கவே இல்லை. கீழ் வரியைப் பார்த்தாள், மடித்தாள், பையில் வைத்தாள். "சரி அப்பா." அவ்வளவுதான். பட்டியலில் நாலாவதைப் பார்க்க.

6 ஜூன், புதன்.

முட்டை, பாண், தேசிக்காய் வாங்கினேன். தேசிக்காய் மறந்து திரும்பவும் போனேன்.

மார்க்கூஸ் விடயம். இதுவரை கண்டவை:

அ) மூன்று மாதமாகச் சனிக்கிழமைகளில் விடிய முன்னம் போகிறாள். கேட்டால் "அவசரக் கடமை." பசுக்களுக்கு எப்போதும் சனிக்கிழமைதான் அவசரமா?

ஆ) பச்சைக் காற்சட்டை ஒன்று, முழங்காலில் சேறு, ஒட்டுமுள். தெரேஸ் அதை மட்டும் தனியே தோய்க்கிறாள்.

இ) மேசையில் அவளுடைய தடுப்பூசிப் புத்தகம். திறந்து பார்த்தது பிழை, பார்த்துவிட்டேன். மஞ்சட் காய்ச்சலுக்கு ஊசி, போன மாதம். ஆபிரிக்கா போகிறவன் மார்க்கூஸ். ஊசி இவளுக்கு.

ஆகவே இவளும் கூடப் போகிறாள். ஒரு வேட்டைக்காரனோடு. எங்களுக்குச் சொல்லாமல். அவனுக்குத் தோட்டா தெரிவு செய்து கொடுத்தது நான்.

புத்தகத்தோடு தெரேஸ் என்னைக் கண்டுவிட்டாள்.

"இஞ்சையப்பா, பிள்ளையின்ர சாமானைக் கிளறுறியளோ? வெக்கமில்லையோ?"

"உமக்கு ஏதும் தெரியுமோ?"

"எனக்கு என்ன தெரியும்? நான் படிக்காத மனுசி."

இதைச் சொல்லும்போது சிரித்தாள். கவனிக்க.

7 ஜூன், வியாழன். நற்கருணைப் பெருவிழா.

வெயில். ஊர்வலத்தில் பின்வரிசை. முழங்கால் இடது பக்கம் நோ. பாட்டுப் புத்தகம் கொண்டுபோக மறந்து வாயசைத்தேன்.

முடிந்தபின் அன்ரன் வந்து பிடித்துக்கொண்டான். என்னிடம் படித்தவன், இப்போது தொழிற்சாலையில் இரவு வேலை. இன்னும் மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவான், ஆனால் எந்தக் கதையையும் மறைக்கமாட்டான்.

"மாஸ்ரர், கோவிக்கக் கூடாது. போன சனி விடிய வேலை முடிஞ்சு வரேக்க உங்கட ஜெசியைக் கண்டனான். காட்டுப்பக்கம் போற ரோட்டில, ஒரு ஜீப்பில."

"தனியவோ?"

"தனிய ஆரும் ஜீப்பில போவினமோ? பச்சைத் தொப்பி போட்ட ஒரு ஆள்தான் ஜீப்பை ஓட்டினது. நல்ல உயரம். பின்னுக்கு ஒரு மாட்டுக்கண்டு மாதிரி நாய்."

"முகம் கண்டனியோ?"

"தொப்பியைத்தான் கண்டன். ஆனா மாஸ்ரர், ஜீப் புதுசு. காசுக்காரன்தான், பயப்பிடாதேங்கோ."

பகிடி என்று நினைத்துச் சொன்னான். நானும் சிரித்தேன். வீடு வரும்வரை சிரித்த முகத்தை மாற்ற மறந்துவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டில் ஜெசி: "அப்பா, வாற திங்கள் நான் ரெண்டு கிழமை லீவில போறன். செஃபினும் வாறா." செஃபின் என்றால் ஜெர்மனில் முதலாளி அம்மா, அவளுடைய பெரிய வைத்தியர் அம்மா. நல்ல மறைப்பு. முதலாளி அம்மாவின் பெயரைச் சொன்னால் எந்தத் தகப்பன் மேலே கேட்பான்?

நான் கேட்கவில்லை. கேட்டும் என்ன.

8 ஜூன், வெள்ளி.

வெக்கை. பின்னேரம் இடி வரும் என்றார்கள், வரவில்லை.

வேட்டைச் சாமான் கடைக்குப் போனேன். காரணம் இரண்டு: (1) கணக்கைச் சரிபார்க்க, (2) மார்க்கூஸ் அங்கே சாமான் வாங்குகிறவனா என்று அறிய. இரண்டாவதுதான் முதலாவது. வாசலை இரண்டு தரம் கடந்து போய்த் திரும்பினேன். யன்னலில் பன்றித் தலை ஒன்று, கண்ணாடிக் கண், என்னையே பார்த்தபடி.

உள்ளே அறுபது வயதுக்காரர், கண்ணாடி நெற்றியில். என்னைக் கண்டதும் கண்ணாடியைக் கீழே இறக்கினார். கறுத்த கிழவன், கையில் கொப்பி, எருமை சுடும் தோட்டாவைப் பற்றி விசாரிக்கிறான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் இறக்கியிருப்பேன்.

யாருக்கு என்றார். எனக்கல்ல என்றேன். எருமை உங்களைத் தேடி வருகிறதா என்றார். முகத்தில் சிரிப்பில்லை. பயத்தில் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். அவர் கேட்கவும் இல்லை.

பெயரை வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். பிறகு பெரிய சிரிப்பு. "ஜெசியின் அப்பா! இயற்பியல் வாத்தியார்!"

வேட்டை அனுமதிப் பரீட்சை பாஸ் செய்த பிறகு முதல் முதல் இந்தக் கடைக்குத்தான் வந்தாளாம். யார் என்று கேட்டேன். உங்கள் மகள் என்றார். யார் என்று திரும்பவும் கேட்டேன். பாவம், மெதுவாக, சத்தமாக, எனக்கு ஜெர்மன் விளங்காது என்று நினைத்து: உங்கள். மகள். மார்ச்சில் பாஸ். திங்கட்கிழமை வைத்தியர் அம்மாவோடு பயணம். துவக்கை வைத்தியர் அம்மா இரவல் கொடுக்கிறார். எருமையைச் சுடப்போவது ஜெசி.

கதிரை தந்தார். தண்ணீர் தந்தார்.

பின்னாலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். அவளுடைய பெயர் எழுதியிருந்தது. இலேசான குண்டு. பாரமானதை எடு என்று தானும் சொன்னாராம், வைத்தியர் அம்மாவும் சொன்னாராம். அவள் கேட்கவில்லையாம். என் அப்பா கணக்குப் பார்த்தவர் என்றாளாம்.

மேசை லாச்சியிலிருந்து, சுட்டு எடுத்த இரண்டு குண்டுகளைக் கொண்டுவந்தார். ஒன்று இலேசானது: பிய்ந்து, பாதி இல்லை. மற்றது முன்பக்கம் மட்டும் விரிந்து, மிச்சம் முழுதாக. இலேசானது வேகமாகப் போய்த் தோலிலும் தோள் எலும்பிலும் உடைந்துவிடுமாம். சக்தி முழுவதும் அங்கேயே முடிந்துவிடும். இருதயத்துக்குப் போகாது. எருமை விழாது. "பிறகு அது வரும்," என்றார். எங்கே வரும் என்று கேட்கவில்லை.

கணக்கில் பிழையில்லை. எவ்வளவு சக்தி என்று கேட்டேன்; எவ்வளவு ஆழம் என்று கேட்கவில்லை.

சாப்பிடவில்லை. ஜெசி வர இரவாகிவிட்டது. கதவு வரை போனேன். தட்டவில்லை.

9 ஜூன், சனி.

காலை ஆறு மணி. இன்று அவள் காட்டுக்குப் போகவில்லை. குசினியில் சொன்னேன். நின்றபடியே.

"பிள்ளை, என்ர விடை பிழை. பாரமானதை எடு."

"எந்த விடை?"

"எருமை. நேற்றுக் கடைக்குப் போனனான்."

கோப்பியை வைத்துவிட்டாள். தெரேஸ் அடுப்பை நிறுத்தினாள்.

"அப்பா, நீங்களோ? துவக்குக் கடைக்குள்ளயோ?"

"ஓம். தண்ணி தந்தவர். மார்க்கூஸ் ஆர்?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தெரேஸ்தான் வெடித்துச் சிரித்தாள். "செஃபின்ர நாயப்பா! அன்ரன் ஜீப்பில கண்டது அதைத்தான், எனக்கும் வந்து சொன்னவன்!"

"அப்ப உமக்குத் தெரியும்."

"உங்களுக்குச் சொல்லியிருந்தா மூண்டு மாசமும் பாத்ரூமுக்குள்ளதான் இருந்திருப்பியள்."

மறுக்க ஏலாது.

ஜெசி சிரிக்கவில்லை. "பயந்திட்டன் அப்பா. துவக்கு எண்டு உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது? ஆனா குண்டு விசயத்தில வேற ஆரையும் கேட்க விருப்பமில்லை. அதுதான் பொய் சொன்னனான்."

"போகாதை எண்டு சொன்னா?"

"சொல்லுறியளோ?"

சொல்லலாம். சொன்னால் நிற்பாளோ தெரியாது. பரிசோதிக்கத் துணிவில்லை. "பாரமானதை எடு," என்று திரும்பவும் சொன்னேன்.

"கடைக்காரரும் சொன்னவர், டொக்டரும் சொன்னவ," என்றேன். "நீ ஏன் கேக்கேல்லை?"

"நீங்கள் மூண்டு தரம் செய்து பாத்திருப்பியள் எண்டு எனக்குத் தெரியும்."

"நீ என்ர செய்கையைப் பாக்கவே இல்லை."

"உங்கட கணக்கை ஆரும் திருப்பிப் பாப்பினமோ அப்பா?"

ஒன்பது மணிக்குக் கடை திறந்தது. பெட்டியை மாற்றினாள். நானும் கூடப் போனேன். கடைக்காரர் எனக்குக் கைதந்தார். பெட்டியில் எடையை நானே வாசித்தேன்: 19.4. இன்னொரு தரம் வாசித்தேன்.

11 ஜூன், திங்கள்.

வெயில். மிளகாய்க் கன்றுகள் வெளியே. பிரஷர் பார்க்கவில்லை.

காலை ஏழரைக்கு ஜீப் வந்தது. உயரமான அம்மா, பச்சைத் தொப்பி. பின்னால் மார்க்கூஸ், வழியில் வைத்தியர் அம்மாவின் தங்கை வீட்டில் விடுவார்களாம். என் கையை நக்கியது.

ஜெசி யன்னலை இறக்கினாள். "அப்பா, எவ்வளவு தூரத்தில நிண்டு சுடலாம்? சொல்லுங்கோ."

தெரியாது என்றேன். டொக்டர் சொல்வதைக் கேள் என்றேன். "கிட்டப் போகாதை. ஆனா தூரத்திலயும் நிண்டு சுடாதை."

"சரி அப்பா," என்று கையிலிருந்த கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

முதல் நாள் பட்டியல்: நாலாவது பிழை.