நாற்றத் தண்ணீரும் தம்பியின் பெல்ட்டும்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா?

இங்கே ஆய்வகத்தில் ஒரு சின்னச் சண்டை, கவலைப்படாதே. தம்பிக்கு இருக்கும் அதே பரம்பரைத் தசைநோய் கொண்ட சுண்டெலிகளுக்கு, ஓர் அமினோ அமிலப் பொடியைத் தண்ணீரில் கரைத்து வைக்கிறோம். ஒரே அழுகிய முட்டை நாற்றம். நாக்கில் வைத்துப் பார்த்தேன், குமட்டிவிட்டது. எலிகளும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கின்றன. தண்ணீர் இறங்காததால் தீனியும் இறங்கவில்லை. எலும்பும் தோலுமாகிவிட்டன. ஆனால் பலத்தைச் சோதிக்கக் கம்பியில் தொங்கவிட்டால் முன்பைவிட அதிக நேரம் தொங்குகின்றன.

"தசைக்குப் பலம் வந்துடுச்சு!" என்று பேராசிரியர் எல்லாருக்கும் கேக் கொடுத்தார்.

"பலம் வரலை சார், பட்டினியில எடை குறைஞ்சிருக்கு. லேசா இருந்தா யாருமே தொங்கலாம்" என்றேன்.

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

கேக்கைக் குப்பையில் போட்டேன்.

இங்கே என்னைச் "சாப்பிட்டியா?" என்று கேட்க ஆளில்லை. அதை மட்டும் உன் குரலில் பதிவு செய்து அனுப்பேன்.

அதே பொடியைத்தான் அப்பா கடையில் வாங்கித் தம்பிக்குக் கொடுக்கிறார். "இப்பல்லாம் தானா எழுந்து உட்கார்றான்" என்று போனில் நீ சந்தோஷமாகச் சொன்ன கையோடு, இடுப்பில் கால்சட்டை நிற்கவில்லை, பெல்ட் வாங்கி அனுப்பு என்றாய்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. பெல்ட் அனுப்பமாட்டேன், அம்மா. பொடியைச் சாக்கடையில் கொட்டிவிட்டு அவனுக்குச் சோறு போடு.

உன் மகள்