கூடத்துக்கு ஒரு பல்டி மெத்தை

நேற்று எஸ்தரின் பையைத் துவைக்க எடுத்தேன். உள்ளே கொட்டிக் கிடந்த வெள்ளைப் பவுடர் கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகள் வழுக்காமல் இருக்க உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வார்களே, அதுதான். ஞாயிறு சாயங்காலம் பயிற்சி முடிந்து நீங்கள் இருவரும் திருப்பதியிலிருந்து திரும்பும்போது உன் புடவையிலும் இந்த உலர்ந்த வாசனை இருக்கும். உனக்குச் சொல்ல ஒரு சமாச்சாரம் இருக்கிறது.

நம் பெண் மறுபடி மெத்தை கேட்டாள். காற்றடித்தால் கூடம் முழுக்க நீளுமே, பல்டி பழகும் மெத்தை, அதேதான்.

முதல் தடவை அவள் கேட்டபோது வாங்கிவிடலாம் என்றேன். நீதான் ஒத்துக்கொள்ளவில்லை. "மெத்த இருந்தா நாம இல்லாதப்போ குதிப்பா. கழுத்து மடங்கிச்சுன்னா யாரு பாக்கறது? அங்க மேடம் புடிச்சிக்கிறாங்க. இங்க யாரு கீறாங்க?" மாம்பழக் கூழ் ஆலையில் சீசன் வந்தால் எனக்கு ஞாயிறும் கிடையாது. உன் அலைச்சலைக் குறைக்கத்தான் நான் கேட்டேன். "அலையறதுக்கு நா ரெடி" என்று பேச்சை முடித்துவிட்டாய்.

அப்புறம் ஒருநாள் அவள் பயிற்சியில் மல்லாக்க விழுந்தாள். அடி பெரிதில்லை, பயம்தான் பெரிது. பின்னால் சாயவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். நீ சமாதானம் சொல்லவில்லை. கட்டில் மெத்தையை இழுத்துக் கூடத்தில் போட்டு, புடவையைச் செருகிக்கொண்டு ஒரு குட்டிக்கரணம் அடித்தாய். கோணலாகப் போய் பீரோவில் காலை இடித்துக்கொண்டாய். நான் பதறி ஓடிவந்தால், மல்லாந்து கிடந்தபடி சிரித்துக்கொண்டிருந்தாய். "எனக்கும் பயமாத்தான் கீது எஸ்தரு. பயந்துக்கினேதான் அடிச்சேன்." சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. அடுத்த ஞாயிறு அவள் பின்னால் சாய்ந்துவிட்டாள் என்று நீ போனில் சொன்னபோது, ஆலை இரைச்சலில் எனக்குப் பாதிதான் கேட்டது. மீதி உன் குரலிலேயே தெரிந்தது.

நீ காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்காமலே போன பிறகு, பக்கத்து வீட்டு அக்காதான் தன் மகளோடு இவளையும் அழைத்துப் போகிறார். மெத்தைப் பேச்சு மறுபடி வந்ததும் பயிற்சி கொடுக்கும் மேடத்துக்கு போன் செய்தேன். அவர் தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார்: புதிதாக எதையும் வீட்டில் பழகக் கூடாது, தெரிந்ததைச் செய்யவும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வேண்டும், உருளவும் தலைகீழாக நிற்கவும் மடிக்கிற மெத்தை ஒன்று போதும். ஏறக்குறைய நீ சொன்னதேதான்.

எஸ்தரிடம் சொன்னேன். அவள் முகம் வாடியது.

"வூட்டுலயே பிராக்டீஸ் பண்ணா ஞாயித்துக்கெழம போவ வேணாம்ல நைனா?"

"ஏன், போவப் புடிக்கலியா?"

"புடிக்கும். நா போய்ட்டா நீ துன்னாம படுத்துக்கினு கீற. வந்து பாத்தா சோறு அப்பிடியே கீது."

நான்தான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மடிக்கிற மெத்தையை மட்டும் வாங்கினேன். சீசன் வந்தாலும் ஞாயிறு வர முடியாது என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். போன ஞாயிறு நானும் திருப்பதிக்குப் போனேன். அம்மாக்கள் உட்காரும் பெஞ்சில் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். "கூர்ச்சோண்டி அன்னா" என்று ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். எஸ்தர் ஓடிவந்தாள், கையூன்றினாள், பின்னால் பறந்தாள். நான் கண் திறந்தபோது, லேசாகத் தடுமாறி நிமிர்ந்துகொண்டிருந்தாள்.

பஸ்ஸில் ஏறியதும், "பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்."

"பொய். கண்ண மூடிக்கின. அம்மாவும் மூடிக்கும். எப்ப தொறக்கணும்னு நாந்தான் சொல்லுவேன்."

நீயோ எல்லாவற்றையும் நேரில் பார்த்தவள் போல எனக்கு விவரிப்பாயே. பஸ் என்றும் பாராமல் சிரித்துவிட்டேன்.

சந்திரகிரி தாண்டுமுன்பே என் தோளில் தூங்கிப்போனாள். தலை நழுவாமல் இருக்கக் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தேன். நம் ஊர் சித்தூர் வந்தபோது தோள் மரத்துப்போயிருந்தது. இந்த வலியைப் பற்றி நீ ஒருநாளும் சொன்னதில்லை. இனி ஞாயிறுதோறும் அது என்னுடையது.